வெள்ளைக் கோடு

"எந்த விரலு?" என்று கேட்டேன்.

அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கால் என் மடியில் கிடந்தது. என் கையில் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கு.

"கட்ட விரலுக்குப் பக்கத்து விரலு."

நான் தொட்டுக்கொண்டிருந்தது குதிகாலை.

"கரெக்டா?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"கரெக்டு, கரெக்டு. அப்படியே பாஸாகி கலெக்டராயிடுவே," என்று சொல்லிவிட்டு ஈர்க்கை மறுபடியும் விளக்குமாற்றில் செருகினேன். பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் விடியற்காலைக் காற்று மட்டும் யாருக்கும் குறை வைக்காது. ஜன்னல் வழியாக வந்து அவர் வேட்டி நுனியை ஆட்டிக்கொண்டிருந்தது. அவர் அந்தக் காற்றைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். காற்று காலில் படுவது கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அடுப்பு வேலை இருக்கிறதென்று எழுந்துவிட்டேன்.

எனக்கு வாய் அதிகம். தேவானை வாயைத் திறந்தால் தெருவே கதவைச் சாத்தும் என்று சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் இருந்த காலத்திலேயே சொல்வார்கள். என் புருஷன் கோதண்டபாணி அதற்கு நேர் எதிர். இருபத்தைந்து வருஷமாக ரோட்டில் வெள்ளைக் கோடு போடுகிற வேலை. அண்ணா சாலையில், தேனாம்பேட்டை சிக்னலில் நீங்கள் வண்டியை நிறுத்துகிற கோட்டில் பாதி அவர் கைபட்டது. நாள் முழுக்கக் கொதிக்கிற பெயின்ட் வண்டியோடு குனிந்தபடி நடந்து நடந்து, நிமிர்ந்து பேசும் பழக்கமே போய்விட்டது. கல்யாணமான வருஷம் நான் பால்குடம் எடுத்தேன். கத்திரி வெயிலில் வெறுங்காலோடு தாரில் துள்ளிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "கோட்டு மேல நட. வெள்ளைக்கு வெயிலு ஏறாது." காலை வைத்துப் பார்த்தேன். உண்மைதான். அன்றைக்குத்தான் இந்த ஆளோடு காலம் தள்ளிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஆற்றோரக் குடிசைகளை இடித்து எங்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டார்களே தவிர, திரௌபதை அம்மன் ஆற்றோரத்திலேயே இருந்துவிட்டாள். அவளுக்கு யார் வீடு ஒதுக்குவது? வைகாசி தீமிதிக்கு எல்லோரும் பஸ் பிடித்து அங்கே போய்ச் சேருவோம். கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாகக் குண்டத்தில் இறங்குவது என் புருஷன். இருபத்திரண்டு வருஷமாக அதில் மாற்றமில்லை. வருஷம் முழுக்க ரோட்டோரம் குனிந்து கிடக்கிற மனுஷன் அந்த ஒரு நாள் நிமிர்ந்து நடப்பார். அன்றைக்கு அவரைப் பார்த்தால் எனக்கே கும்பிடத் தோன்றும்.

அங்கே நெருப்பை நெருப்பு என்று சொல்ல மாட்டோம். பூ என்போம். பூ மிதித்தவரிடம் சுட்டதா என்று யாரும் கேட்கவும் கூடாது. சுட்டது என்றால் விரதத்தில் குற்றம் என்று அர்த்தம். பத்து நாள் பட்டினி கிடந்தும் அம்மன் ஏற்றுக்கொள்ளவில்லை என்று ஊரே பேசும். என் புருஷனுக்கு ஒவ்வொரு வருஷமும் சுட்டது. எனக்கு மட்டும்தான் அது தெரியும். வீட்டுக்கு வந்து துண்டைப் பல்லில் கடித்துக்கொள்வார், நான் சோற்றுக் கற்றாழையை அறுத்துத் தடவுவேன். மறுநாள் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தீமிதியன்று அது நின்றுபோனது. குண்டத்தைத் தாண்டிப் பால்குழியில் வந்து நின்றவர் முகம் தூங்குகிற குழந்தை முகமாக இருந்தது. "தேவான, மெய்யாலுமே பூதாண்டி. பஞ்சு மேல நடக்கறாப்புல இருந்துச்சு," என்றார். கற்றாழையை அறுக்க வேண்டிய வேலையே இல்லாமல் போனது. அன்று ராத்திரி அவர் அழுததை நான் மறக்க மாட்டேன். இத்தனை வருஷம் கழித்து அம்மன் தன்னை ஏற்றுக்கொண்டாள் என்று அழுதார். நானும் அழுதேன். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பேருமாகப் போய் மாவிளக்குப் போட்டுவிட்டு வந்தோம். சர்க்கரை வியாதி காலைத் தின்றதற்கு மாவிளக்குப் போட்ட புருஷன் பெண்சாதி இந்த உலகத்தில் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

போன ஐப்பசியில் வேலை முடிந்து வந்தவரின் இடது கால் சுண்டுவிரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. காய்ந்த பெயின்ட் என்று நினைத்து உரித்தேன். தோலோடு வந்தது. கொதிக்கிற பெயின்ட் மத்தியானமே சொட்டியிருக்கிறது. அதோடு டீ குடித்திருக்கிறார், பஸ் ஏறியிருக்கிறார், படியேறி வந்திருக்கிறார். நான்கு மாதம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். கடைசியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். டாக்டர் லாவண்யா சின்னப் பெண். மெல்லிய நைலான் நரம்பு ஒன்றை வைத்து அவர் உள்ளங்காலில் பத்து இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "உள்ளங்கால்ல எதுவுமே தெரியலைம்மா. இன்னொரு தடவை சூடு பட்டா, விரல் இல்ல, கால் போயிடும்," என்றாள். நான் தீமிதி சமாச்சாரத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

வீட்டில் பெரிய சண்டை. நான் கத்தினேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுச் சண்டை எப்போதும் அப்படித்தான். கடைசியாக வாயைத் திறந்தார்.

"வியாதின்னு டாக்டரு சொல்லுது. அருளுன்னு ஊரு சொல்லுது. நான் இன்னாத்த கண்டேன்? கால்ல உணர்ச்சி வந்துச்சுன்னா நான் எறங்க மாட்டேன். அவளே வேணான்னு சொல்லிட்டான்னு அர்த்தம். வர்லன்னா எறங்குவேன். இத்தோட வுடு."

அம்மன் படத்துக்கு முன்னால் நின்றுதான் சொன்னார். சொன்னால் மாற மாட்டார். அப்போது மாசி மாதம். வைகாசிக்கு மூன்று மாதம் இருந்தது.

அடையாறில் நான் மேல்வேலை பார்க்கிற வீட்டம்மா பங்கஜம். ரிட்டயரான கணக்கு டீச்சர். பிள்ளை ராம்குமார் அமெரிக்காவில் இருக்கிறான். அம்மாவைப் பார்க்க வர நேரமில்லை, டப்பா டப்பாவாக மாத்திரை மட்டும் வந்துகொண்டிருக்கும். மாசிக் கடைசியில் ஒரு நாள் பங்கஜம்மா ஒரு பெரிய டப்பாவை நாலு விரலால் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"இதை எடுத்துண்டு போயிடு. ஆரோக்கியமா வயசாகறதுக்காம். நேத்திக்குத்தான் பூதக்கண்ணாடி வெச்சுண்டு படிச்சேன். மேல இருக்கற உறை ஜெலட்டினாம். மாட்டெலும்பு. ஒரு மாசமா முழுங்கிண்டிருக்கேன், நாராயணா."

"இன்னும் இன்னா போட்டுக்கீதும்மா?" என்றேன், அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பி ஒன் வைட்டமின்லேர்ந்து பண்ணினதாம். டயபடீஸ்காராளுக்குக் கால் நரம்புக்கு ஒத்தாசையா இருக்கும்னு போட்டிருக்கு. டாக்டரைக் கேக்காம உங்காத்துக்காரருக்குக் குடுக்காதே."

ஆரோக்கியமாக வயதாவதற்கு ஒரு மாத்திரை. எங்கள் பக்கத்தில் வயது தானாக ஆகும், ஆரோக்கியம்தான் கூட வராது. டப்பாவைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு நேரே லாவண்யாவிடம் போனேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பென்ஃபோட்டியமின். சாதாரண பி ஒன்னை விட உடம்புல நல்லா சேரும். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு குடுங்க. தப்பில்ல. சில பேருக்கு எரிச்சல் குறையுது. ஆனா மரத்துப்போனது திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன். சுகர் மாத்திரைய விட்டா இது ஒண்ணும் பண்ணாது, அதையும் சொல்லிடறேன்." அவள் சொல்ல மாட்டேன் என்றதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தப்பில்ல என்றதை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவர் மறுக்காமல் விழுங்கினார். என் வாய் சும்மா இருக்குமா? பங்கஜம்மா மாட்டெலும்பை விழுங்கிய கதையை நடித்துக் காட்டினேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். எத்தனை மாதம் கழித்து வந்த சிரிப்பு! அந்தக் கதைக்காக நான் பிற்பாடு என் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் எல்லாமே அரைத்தூக்கத்தில் நடந்த மாதிரி இருக்கிறது. விடிந்தால் ஈர்க்கு, பிறகு மாத்திரை, பிறகு அடையாறு பஸ். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கண் சொருகிவிடும். வெயிலில் ரோடு ஆவியாகி எழும்புவதையும் அதில் வெள்ளைக் கோடுகள் நெளிந்து நெளிந்து பின்னால் ஓடுவதையும் பார்த்தபடியே தூங்குவேன். கனவில் அந்தக் கோடுகள் ஆறாகிவிடும். ஆற்றில் முழங்கால் அளவு சுத்தமான தண்ணீர் ஓடும். அவர் முன்னால் நடந்து போவார். அவர் கால் பட்ட இடத்திலிருந்து மீன் குஞ்சுகள் சிதறும். கண்டக்டர் எழுப்பினால்தான் எழுந்திருப்பேன். அவருக்கும் கனவு வந்தது. ஒரு நாள் சொன்னார், "மணல்ல நடந்துக்கினு கீறேன் தேவான. கடல்கரை மணலு. மேல சூடு, தோண்டுனா உள்ள ஈரம். கால்ல ஒவ்வொண்ணா தெரியுது. முழிச்சுப் பாத்தா ஒண்ணுமில்ல." இன்னொரு நாள் ராத்திரி காலில் சித்தெறும்பு ஊறுவதாக எழுந்து உட்கார்ந்துவிட்டார். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். எறும்பு இல்லை. எறும்பு இல்லாததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் காலையில் ஈர்க்கை வைத்தால் அதே கதைதான். குதிகாலைத் தொட்டால் விரல் என்பார். விரலைத் தொட்டால், "இன்னும் வெக்கலியா?" என்பார்.

சித்திரை வெள்ளிக்கிழமை ஒன்றில் நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். கூட்டமில்லை. பூசாரி சுப்புராயன் தூணோரம் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மனிடம் இதுவரை எந்தப் பெண்சாதியும் இப்படிக் கேட்டிருக்க மாட்டாள். "தாயே, என் புருஷன் காலச் சுடு," என்று கேட்டேன். கேட்டுவிட்டு அங்கேயே பயந்து நின்றேன். அவள் முகத்தில் எப்போதும் இருக்கிற அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

தீமிதிக்குப் பத்து நாள் இருக்கும்போது கோயிலில் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கிழங்கை நூலில் கோத்து அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டு சுப்புராயன் என் பக்கம் திரும்பினார். "இனிமே பொம்பள கை படக்கூடாது, தேவான. பாணி இங்கதான் படுப்பான்." தெரிந்த விஷயம்தான். இருபத்திரண்டு வருஷமாக நடப்பதுதான். ஆனால் அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. கை படக்கூடாது என்றால் ஈர்க்கும் படக்கூடாது. உணர்ச்சி வந்ததா இல்லையா என்று இனி எனக்குத் தெரியப் போவதில்லை. அவராகச் சொன்னால்தான் உண்டு. நிமிர்ந்து நடக்கிற ஒரே ஒரு நாளை எந்த மனுஷன் தானாக வேண்டாம் என்று சொல்வான்?

சுகர் மாத்திரையையும் அந்த டப்பாவையும் நீட்டினேன். சுகர் மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"அது வேணாம். விரதத்துல மாட்டெலும்பு சேராது. நீதான சொன்ன."

நான்தான் சொன்னேன். நடித்து வேறு காட்டினேன்.

அன்று பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தேன். இரண்டு நுனியையும் பிடித்து இழுத்ததும் உறை கழன்றது. உள்ளே வெள்ளைப் பொடி. உறை மாட்டெலும்பு, பொடி வைட்டமின். உறையை ஜன்னலுக்கு வெளியே போட்டேன். பாவமும் அதோடு சைதாப்பேட்டைப் பாலத்தில் விழுந்தது என்று வைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து காலையில் ஒரு தூக்கு, சாயங்காலம் ஒரு தூக்கு மோர் கொண்டுபோனேன். பொடிக்கு ஒரு கெட்ட வாடை இருந்தது. அதை மறைக்கப் பெருங்காயத்தை அள்ளிப் போட்டேன். மூன்று முழம் தள்ளி நின்று தூக்கைத் தரையில் வைப்பேன். அவர் எடுத்துக் குடிப்பார்.

"இன்னா இது, இந்த நாத்தம் நாறுது?" என்றார் முதல் நாள்.

"பெருங்காயம். வாயு புடிக்காது. குடி."

குடித்தார். இந்த ஆள் என்னிடம் சந்தேகப்பட்டு ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கும்போது மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். விரதத்தைக் கெடுக்கிறேனா, காலைக் காப்பாற்றுகிறேனா? ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, என் நிலை அதுதான். "கால் எப்படிக் கீது?" என்று தினமும் கேட்டேன். "கீது," என்பார் தினமும்.

தீமிதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. குண்டம் சாயங்காலம்தான். ஆனால் கரகம் ஜோடித்து பஜார் ரோடு சுற்றிக் கோயிலுக்கு வரும் ஊர்வலம் மத்தியானம் மூன்று மணிக்கே கிளம்பிவிடும். வழியெல்லாம் பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணீரோடு நின்று காப்புக் கட்டியவர்கள் காலில் ஊற்றுவார்கள். கை படக்கூடாது, தண்ணீர் படலாம். நானும் லாரித் தண்ணீரைப் பிடித்து, மஞ்சளைக் கரைத்து, வேப்பிலை கிள்ளிப் போட்டு, கோயில் தெரு திரும்புகிற முனையில் கொட்டகை நிழலில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன். போன மாதம்தான் அங்கே புதுத் தார் போட்டு ஓரத்தில் கோடு இழுத்திருந்தார்கள். அவர் கம்பெனி ஆட்கள்தான் இழுத்தார்கள். விரல் போனதிலிருந்து இவரைப் பெயின்ட் வண்டியைத் தொட விடவில்லை. சிவப்புக் கூம்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார்.

வெயில் கண்ணைக் கட்டியது. தாரிலிருந்து ஆவி எழும்பி எதிர்வாடைக் கடைகள் தண்ணீருக்குள் இருப்பது போல ஆடின. பம்பைச் சத்தம் முதலில் வந்தது, பிறகு வேப்பிலை வாசனை, பிறகு மஞ்சள் கூட்டம். நடுவில் அவர். தலையில் பூக்கரகம். நிமிர்ந்து, நேராக, ரோட்டின் நட்ட நடுவில் வந்துகொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லாம் துள்ளித் துள்ளி நிழல் தேடிக்கொண்டு வர, அவர் மட்டும் கொதிக்கிற தாரில் காலைப் பதித்துப் பதித்து வைத்தார். மூன்று வருஷமாக இப்படித்தான் நடக்கிறார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தேன். ஒன்பது விரல்கள். முடிந்தது என்று நினைத்தேன். இத்தனை மாத்திரையும் ஆற்றில் கரைத்த புளி. பின்னால் கூரைகளுக்கு மேல் குண்டத்துப் புகை நேராக எழும்பி நின்றது. அந்தக் கால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அதற்குள் இறங்கும், முகம் தூங்குகிற குழந்தையாக இருக்கும், பத்து நாள் கழித்து லாவண்யா பேனாவைக் கீழே வைப்பாள். எனக்குக் காது அடைத்துவிட்டது. பம்பை எங்கோ தூரத்தில் அடிப்பது போல இருந்தது.

அப்போது இடது கால் தயங்கியது.

வைத்த கால் சட்டென்று எழும்பி, கொஞ்சம் தள்ளி இறங்கியது. மறுபடி எழும்பியது. விரல்கள் மடங்கின. வலது காலும் அதன் பின்னால் தள்ளி வந்தது. அருள் வந்துவிட்டது என்று நினைத்துப் பம்பைக்காரர்கள் வேகம் கூட்டினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். அருளா? அவர் கண் நேராகக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலையில் கரகம் ஆடவில்லை. கால் மட்டும் தன்னிஷ்டத்துக்கு ஒவ்வொரு அடியாக ரோட்டின் ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. முதலில் இடது கால் கோட்டைத் தொட்டது. பிறகு வலது கால். நாலு விரற்கடை அகல வெள்ளைக் கோட்டின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகக் காலை வைத்து, கோட்டை விட்டு இம்மியும் விலகாமல், அவர் என்னை நோக்கி நடந்து வந்தார்.

குடத்தை எப்படித் தூக்கினேன் என்று தெரியாது. அவர் என் எதிரே வந்ததும் ஊற்றினேன். மஞ்சள் தண்ணீர் அவர் பாதத்தில் விழுந்து தாரில் ஓடியது. அவர் உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது. அப்படியே நின்றுவிட்டார். கரகம் சாயாதபடி கண்ணை மட்டும் மெல்லத் தாழ்த்தி, தான் நின்றுகொண்டிருந்த இடத்தைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். கோட்டுக்கு எப்படி வந்தோம் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"ஜில்லுன்னு கீது," என்றார்.

சுடுது என்று சொல்வார் என்றுதான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன். சூட்டைத்தான் வேண்டிக்கொண்டேன். குளிர்ச்சியை எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. அழுதுவிட்டேன்.

"நட பாணி, இன்னா நின்னுக்கினு கீற? குண்டம் ரெடியா கீது," என்று பின்னாலிருந்து சுப்புராயன் சொன்னார். என் புருஷன் நகரவில்லை. ஊர்வலம் அவருக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது. பம்பைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அவர் எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார். "மோர்ல போட்டது பெருங்காயம் மட்டும் இல்லன்னு எனக்குத் தெரியும் தேவான."

"தெரிஞ்சா குடிச்ச?"

"ஒரு நாள் கூட மிச்சம் வெக்கலியே."

காற்று திரும்பிப் புகை எங்கள் பக்கம் வந்தது. யாரோ இருமினார்கள். சுப்புராயன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துகொண்டிருந்தார். என் புருஷன் கோட்டின் மேலேயே நின்றார், முன்னாலும் போகாமல், பின்னாலும் போகாமல்.

"குடத்துல இன்னும் கொஞ்சம் கீதா?" என்று கேட்டார்.

இருந்தது. குடத்தைச் சாய்த்தேன். மெல்லிசாக, அவசரமில்லாமல் ஊற்றினேன். ஒரு வேப்பிலை அவர் வலது பாதத்தில் விழுந்து ஒட்டிக்கொண்டது. வெள்ளைக் கோடு மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அதன் மேல் மடங்கியிருந்த ஒன்பது விரல்களும் ஒவ்வொன்றாக விரிந்தன.